இன்ஜின் இறக்கிய காலம்

"இன்ஜின் இறக்கணும் சார்" என்று மெக்கானிக் சொன்னால் அந்தக் காலத்து அம்பாசிடர்காரர் பதற மாட்டார். எவ்வளவு ஆகும், வண்டி எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்பார். எழுபது, எண்பதுகளின் டாக்சி ஸ்டாண்டுகளில் இன்ஜினைத் தொடாமல் ஒரு லட்சம் கிலோமீட்டர் கடந்த வண்டி அபூர்வம். கடந்தாலும் தெரியாது. ஐந்து இலக்க மீட்டர் 99,999க்குப் பிறகு தானாகவே பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். (இப்போது அதை லேப்டாப் வைத்துத் திருப்புகிறார்கள்.) சைலன்சரில் நீலப்புகை, மேடேறும்போது இழுவைக் குறைவு, அடிக்கடி ஆயில் ஊற்றும் செலவு. ரிங் போய்விட்டது என்று டிரைவரே சொல்லிவிடுவார்.

பானெட்டையும் ரேடியேட்டரையும் கழற்றி, வேப்பமரக் கிளையிலோ குழாய் முக்காலியிலோ செயின் பிளாக் மாட்டித் தூக்குவார்கள். இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும், இரு பக்கமும் தாராளமாகக் கை விடலாம், ஒயர்கள் சொற்பம். பிளாக் லேத் பட்டறைக்குப் போகும். தேய்மானத்தைப் பார்த்து 20, 30, 40 சைஸ் என்று போர் போடுவார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு அது. அதற்கும் மேல் தேய்ந்திருந்தால் ஸ்லீவ் அடித்துப் பழைய அளவுக்கே கொண்டுவருவார்கள். கிராங்கைக் கிரைண்ட் செய்து அதற்கேற்ற பேரிங் போடுவார்கள். சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் இருந்தது, ஜி.பி. ரோடு நிறையக் கடைகள் இருந்தன; பிஸ்டனுக்கும் ரிங்குக்கும் பஞ்சமில்லை. வேலை முடிந்து வெளியே வரும் வண்டியின் பின் கண்ணாடியில் 'ரன்னிங் இன்' சீட்டு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தால் பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிக்க மாட்டார்கள்.

"அந்தக் காலத்து இரும்பு, அசையாது" என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உறுதியாக இருந்தது பட்டறைதான், இன்ஜின் அல்ல. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் ஐம்பதுகளின் பிரிட்டிஷ் வடிவமைப்பு. காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருந்த ஆயிலைக் கழுவிவிடும். அங்கே இரும்போடு இரும்பு உரசும். குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி வேலை செய்யாத ஒற்றை கிரேடு ஆயில் வேறு.

2000 வாக்கில் மாசு விதிகள் இறுகியதும் கார்பரேட்டர் மறையத் தொடங்கியது. இன்ஜெக்‌ஷன் வந்ததும் பெட்ரோல் அளந்து போனது; ஆயிலும் மாறியது. மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய இன்னோவா இன்று சாதாரணம். 1.3 லிட்டர் டீசல் டிசையர்களில் ஹெட்டையே திறக்காமல் அந்தத் தூரத்தை எட்டிய வாடகை வண்டிகள் உண்டு.

இன்று இன்ஜின் இறங்குவது பெரும்பாலும் தேய்மானத்தால் அல்ல, விபத்து போல. டைமிங் பெல்ட் அறுந்து பிஸ்டன் வால்வை முட்டும். கூலன்ட் ஒழுகியதைக் கவனிக்காமல் ஓட்டினால் அலுமினிய ஹெட் வளையும். ஆயில் மாற்றாமல் விட்டால் உள்ளே கசடு சேர்ந்து பாதையை அடைக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீருக்குள் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்த்து, கனெக்டிங் ராடை வளைத்துக்கொண்டவர்கள் சென்னையில் பலர். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி அந்தச் சேதத்தை ஏற்காது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

இறக்குவதும் இப்போது வேறு வேலை. ஏசி கேஸை வெளியேற்ற வேண்டும், ஒயரிங் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். பல மாடல்களில் கியர்பாக்ஸோடு சேர்த்துக் கீழ்வழியாகத்தான் எடுக்க முடியும், அதற்கு லிஃப்ட் வேண்டும். ஹெட் போல்ட்டுகள் பலவற்றை ஒருமுறை கழற்றினால் மறுபடி போடக் கூடாது. ஓவர்சைஸ் பிஸ்டனே வராத இன்ஜின்களும் இருக்கின்றன. கம்பெனியில் ஹாஃப் இன்ஜின் விலை கேட்டுத் திரும்புகிறவர்கள் புதுப்பேட்டையில், அடிபட்ட காரிலிருந்து எடுத்த இன்ஜினைத் தேடுகிறார்கள். பில் தொகை வண்டி விலையைத் தாண்டினால் கார் நேராக உடைப்புக்குத்தான்.

அன்று விற்கும்போது "இப்பதான் இன்ஜின் வேலை செஞ்சது" என்பார்கள், கூடுதல் விலையும் கேட்பார்கள். இன்று அதே விஷயத்தை வாயே திறக்காமல் மறைக்கிறார்கள். ஒன்றரை லட்சம் ஓடிய காரை வாங்கப் போகிறவர் ஆயில் மாற்றிய பில்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். இன்ஜின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கட்டும்.