அகநச்சு

அகநச்சு அல்லது எண்டோடாக்சின் என்பது கிராம்-எதிர் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் அமைந்துள்ள லிப்போபாலிசாக்கரைடு என்னும் சேர்மம் ஆகும். ஈ. கோலை, சால்மோனெல்லா ஆகியவை இவ்வகைப் பாக்டீரியாக்களுக்கு எடுத்துக்காட்டுகள். பல நச்சுகளைப் போல அகநச்சு உயிரணுக்களை நேரடியாகச் சிதைப்பதில்லை. நோயெதிர்ப்பு உயிரணுக்களைத் தூண்டி, அவற்றின் வழியாகவே காய்ச்சலையும் அழற்சியையும் உண்டாக்குகிறது.

பெயர்

1892ஆம் ஆண்டில் செருமானிய அறிவியலாளர் ரிச்சர்டு ஃபைஃபர், வெப்பத்தால் கொல்லப்பட்ட வாந்திபேதிக் கிருமிகளும் கினி எலிகளுக்கு நச்சாக இருப்பதைக் கண்டார். நச்சு கிருமியின் உள்ளே இருப்பதாகக் கருதி இப்பெயரை இட்டார். அது வெளிச்சவ்வில் உள்ளது எனப் பின்னர் அறியப்பட்ட போதிலும் பெயர் நிலைத்துவிட்டது.

அமைப்பு

லிப்போபாலிசாக்கரைடு மூன்று பகுதிகளைக் கொண்டது.
1. லிப்பிடு-ஏ: சவ்வில் பதிந்துள்ள கொழுப்புப் பகுதி. நச்சுத்தன்மைக்கு இதுவே காரணம்.
2. உள்ளகச் சர்க்கரைத் தொடர்.
3. ஓ-எதிர்ப்பி: வெளிநோக்கி நீளும் சர்க்கரைத் தொடர். இது பாக்டீரியாவின் வகைக்கேற்ப மாறுபடும்.

தூண்டும் முறை

குருதியில் உள்ள ஒரு பிணைப்புப் புரதம் லிப்போபாலிசாக்கரைடைப் பிரித்தெடுத்து, மோனோசைட்டு, பெருவிழுங்கி ஆகிய உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள சிடி14 என்னும் புரதத்திடம் சேர்க்கிறது. அங்கிருந்து அது எம்டி-2 என்னும் புரதமும் டோல்-போன்ற ஏற்பி 4 என்பதும் இணைந்த தொகுதியை அடைகிறது. இத்தகைய இரு தொகுதிகள் ஒன்று சேரும்போது உயிரணுவின் உள்ளே குறிகை தொடங்குகிறது. இதன் விளைவாக என்எஃப்-கப்பா பி என்னும் புரதம் உட்கருவை அடைந்து, கட்டி நசிவுக் காரணி, இன்டர்லியூக்கின்-1, இன்டர்லியூக்கின்-6 முதலிய சைட்டோகைன்களின் மரபணுக்களை இயக்குகிறது.

ஆறு கொழுப்பமிலத் தொடர்கள் கொண்ட லிப்பிடு-ஏ மனித ஏற்பியை வலுவாகத் தூண்டும். பிளேக் நோய்க் கிருமி 37 பாகை செல்சியசில் பெரும்பாலும் நான்கு தொடர்கள் கொண்ட வடிவத்தையே உருவாக்குவதால் இவ்வேற்பியிடமிருந்து பெருமளவு தப்பிவிடுகிறது.

ஏற்பியின் கண்டுபிடிப்பு

சி3எச்/எச்இஜே என்னும் சுண்டெலி இனம் அகநச்சால் பாதிக்கப்படுவதில்லை. 1998இல் புரூசு பொய்ட்லர் குழுவினர், இவ்வெலிகளில் டோல்-போன்ற ஏற்பி 4இன் மரபணு பிறழ்ந்துள்ளதைக் கண்டறிந்தனர். பழ ஈக்களில் டோல் மரபணுவின் நோயெதிர்ப்புப் பங்கை 1996இல் வெளிப்படுத்திய சூல்சு ஹோஃப்மனுடனும், ரால்ஃப் இசுட்டைன்மனுடனும் இவர் 2011ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அகநச்சைத் தாங்கும் இதே எலிகள், உயிருள்ள சால்மோனெல்லா தொற்றினால் எளிதில் இறந்துவிடுகின்றன. அகநச்சை உணரும் திறனே கிருமியைத் தொடக்கத்தில் கட்டுப்படுத்தவும் உதவுகிறது என்பதை இது காட்டுகிறது.

மருத்துவ முக்கியத்துவம்

சிறிதளவு அகநச்சு பாதுகாப்பான அழற்சியை உண்டாக்கும். குருதியில் மிகும்போது சைட்டோகைன்கள் உடலெங்கும் பரவி, குருதி அழுத்தம் வீழ்ந்து, உறுப்புகள் செயலிழக்கக்கூடும். இவ்வேற்பியைத் தடுக்கும் எரிட்டோரான் என்னும் மருந்து, கடுமையான குருதி நச்சேற்ற நோயாளிகளின் இறப்பைக் குறைக்கவில்லை என 2013இல் வெளியான ஆய்வு காட்டியது.

அகநச்சு கொதிநீரில் அழிவதில்லை. எனவே ஊசிமருந்துகளில் அது உள்ளதா எனத் தனியே சோதிக்கப்படுகிறது. இதற்குக் குதிரைலாட நண்டின் குருதி உயிரணுச் சாறு பயன்படுகிறது. அகநச்சு பட்டால் அச்சாறு உறையும். மறுபுறம், நச்சுத்தன்மை குறைக்கப்பட்ட லிப்பிடு-ஏ, கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் செர்வாரிக்சு தடுப்பூசியில் நோயெதிர்ப்பைக் கூட்டும் துணைப்பொருளாகச் சேர்க்கப்பட்டுள்ளது.