முன்சக்கரம் ஓடும் கூடுதல் தூரம்

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. முழுக்கத் தார்ச்சாலை. தேனி மாவட்டத்து விளிம்பில் இருக்கும் கொழுக்குமலைக்கோ தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வண்டிப் பாதையே கிடையாது. கேரளத்துச் சூரியநெல்லிக்குப் போய், அங்கே ஜீப் பிடித்து, உருளும் கற்களின் மேல் குலுங்கிக் குலுங்கி ஏற வேண்டும். இரண்டுமே கடுமையான ஏற்றம்தான். ஆனால் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர் கொழுக்குமலைப் பாதையில் நான்கு சக்கரங்களையும் தயங்காமல் இணைக்கலாம். கொல்லிமலைச் சாலை காய்ந்திருக்கும்வரை அவற்றை இணைக்கும் லீவரைத் தொடவே கூடாது. ஏற்றம் எவ்வளவு என்பது இங்கே கணக்கில் வராது. டயர் சற்றே நழுவ அடியிலிருக்கும் தரை இடம் கொடுக்குமா என்பதுதான் கேள்வி.

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, பழைய ஜிப்ஸி, 1947-இல் மஹிந்திரா நிறுவனம் இந்தியாவில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப் எல்லாமே அடிப்படையில் ஒரே ஏற்பாட்டில் ஓடுபவை. கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இன்னொரு பெட்டி இருக்கும். சாதாரண ஓட்டத்தில், அதாவது லீவர் 2எச்-இல் இருக்கும்போது, எஞ்சினின் இழுவை பின் அச்சுக்கு மட்டும் போகும். 4எச்-க்குத் தள்ளினால் முன் அச்சுக்குப் போகும் தண்டும் பின் அச்சுக்குப் போகும் தண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும், மயிரிழை வித்தியாசம்கூட ஆகாது.

சிக்கல் தொடங்குவது வளைவில். வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் அதற்குள் அடங்கிய சின்ன வட்டத்திலும் போகின்றன. 2020-இல் வந்த தாரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2.45 மீட்டர். பின் அச்சின் நடுப்பகுதி 5 மீட்டர் ஆரத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவைச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சு 15.7 மீட்டர் ஓடி முடிப்பதற்குள் முன் அச்சு 17.5 மீட்டர் ஓடியாக வேண்டும். வித்தியாசம் 1.8 மீட்டர், அதாவது சக்கரத்துக்கு ஏறத்தாழ முக்கால் சுற்று. இரண்டு தண்டுகளும் பூட்டிக் கிடக்கும்போது அந்த முக்கால் சுற்று எங்கே போகும்?

மணலிலும் சேற்றிலும் சரளையிலும் டயர் கொஞ்சம் சறுக்கி அதைத் தீர்த்துவிடும், ஓட்டுபவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. காய்ந்த தார் டயரை விடாது. எனவே அந்த வித்தியாசம் ஈரத்துணியைப் பிழிவதுபோல் தண்டுகளையும் பற்சக்கரங்களையும் முறுக்கிக்கொண்டே போகும். இடது வளைவில் ஏறிய முறுக்கு வலது வளைவில் அவிழ்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதிக தூரம் ஓடுவது முன்சக்கரம்தான் என்பதால், ஒவ்வொரு வளைவிலும் முறுக்கு கூடவே செய்யும். கொல்லிமலையின் 70 வளைவுகளும் மேலே சொன்ன அளவில் இருந்தால் கணக்கு 50 சுற்றைத் தாண்டும். அத்தனையையும் டயர்கள் தாரில் தேய்ந்து தேய்ந்துதான் ஈடுகட்ட வேண்டும். ஸ்டியரிங் கனக்கும், திருப்பத்தில் யாரோ பிரேக் பிடிப்பதுபோல் வண்டி திக்கும், கீழே 'டக்' என்று அடிக்கும். கவனிக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸின் சங்கிலியோ யுனிவர்சல் ஜாயின்ட்டோ போகும்.

முறுக்கு ஏறிய வண்டியில் 2எச்-க்குத் திரும்ப முயன்றால் லீவர் அசையாது. பற்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருக்கும். பலம் கொண்டு இழுப்பது தவறு. ஸ்டியரிங்கை நேராக்கி, வண்டியைச் சில மீட்டர் பின்னோக்கி எடுத்தால் போதும். பற்களின் மேலிருந்த அழுத்தம் விலகி, லீவர் தானாக வழிக்கு வரும். பட்டன் வைத்த வண்டிகளிலும் இதே மருந்துதான். டாஷ்போர்டில் நான்கு சக்கர இணைப்பைக் காட்டும் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் முறுக்கு இன்னும் அவிழவில்லை என்று பொருள்.

இணைக்கும்போதும் இதே காரணம் வேறு உருவில் வரும். நேராக ஓடும்போது முன் தண்டும் பின் தண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுற்றுவதால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு லீவரைத் தள்ளினால் பூட்டு சத்தமில்லாமல் விழும். ஜிம்னியில் மணிக்கு 100 கி.மீ.க்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யலாம். பழைய ஜீப்புகளில் நிறுத்தியோ நடைவேகத்திலோ போடுவதுதான் உத்தமம். முன்சக்கர மையத்தைக் கையால் திருகிப் பூட்டும் வகை வண்டியானால் இறங்கி அதையும் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் லீவர் விழுந்தும் முன்சக்கரம் இழுக்காது. எந்த வண்டியானாலும் பின்சக்கரம் சேற்றில் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும்போது இணைக்கவே கூடாது. அப்போது ஒரு தண்டு பாய்கிறது, மற்றது நிற்கிறது, பற்கள் அரைபடும். மாட்டிக்கொண்ட பிறகு தேடும் லீவர் அல்ல இது. சேறு கண்ணில் பட்டதுமே, தரை இன்னும் கெட்டியாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும்.

லீவரின் இன்னொரு நிலையான 4எல் வேறு விஷயம். அங்கே பற்சக்கர விகிதமே மாறுகிறது. ஜிம்னியில் சக்கரத்தின் வேகம் பாதியாகி, இழுவை இரட்டிப்பாகும். அதனால் வண்டியை நிறுத்தி, கிளட்சை முழுக்க மிதித்து, தயங்காமல் ஒரே வீச்சில் தள்ள வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் 4எல்-இன் முதல் கியரே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது. ஏறுவதைவிட இறங்கும்போது இதன் அருமை தெரியும் என்பேன். ஆனால் பாதி இறக்கத்தில் வைத்து இதை மாற்றக் கூடாது. இறங்கத் தொடங்குமுன், மேலே சமதளத்திலேயே முடித்துவிட வேண்டும்.

இதற்கான காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. பல வண்டிகளில் 4எச்-க்கும் 4எல்-க்கும் நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கென்றே ஒரு நியூட்ரல் இருக்கிறது. லீவர் அங்கே நின்றுவிட்டால் கியர் பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பே இல்லை. முதல் கியரில் நிறுத்தியிருந்தாலும், ஆட்டோமேட்டிக்கில் பார்க் போட்டிருந்தாலும் வண்டி தாராளமாக உருண்டு போகும். சரிவில் அதைப் பிடித்து வைப்பது ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்துக்கு வைத்த கல்லும் மட்டுமே.

1970-இல் வந்த ரேஞ்ச் ரோவர் போன்ற வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவிலேயே ஒரு டிஃபரன்ஷியல் உண்டு. அது வித்தியாசத்தை விழுங்கிவிடுவதால் தார்ச்சாலையிலும் நான்கு சக்கரங்களும் எப்போதும் இழுக்கலாம். நடு டிஃபரன்ஷியலைப் பூட்டினால் மட்டும் அதுவும் ஜீப்பின் விதிக்குள் வந்துவிடும். உங்கள் வண்டி எந்த வகை என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு லீவரைத் தொடுங்கள்.

டயர்களுக்கும் இதில் பங்கு உண்டு. முன்னால் புதியது, பின்னால் தேய்ந்தது என்று மாட்டினால் சுற்றளவு மாறுபட்டு, நேர்ச்சாலையிலேயே முறுக்கு ஏறத் தொடங்கும். நான்கும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில், ஒரே காற்றழுத்தத்தில் இருக்க வேண்டும். மழைக்காலம்வரை தேவைப்படாதவர்களும் மாதம் ஒருமுறை மண்பாதை பார்த்து 4எச்-இல் சில கிலோமீட்டர் ஓட்டுவது நல்லது. முன் அச்சின் உறுப்புகளில் எண்ணெய் பரவும், லீவரும் துருப்பிடித்து இறுகாது.