மீண்டெழும் புற்றுநோயின் மறைவிடத்தைக் கண்டறிதலில் கதிரியக்க எதிர்ப்பொருள்

முன்னுரை

புராஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பி முழுமையாக நீக்கப்பட்டவரின் இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்னும் புரதம் ஏறத்தாழ இல்லாத நிலையை அடைதல் வேண்டும். அது மீண்டும் உயர்ந்துகொண்டே செல்லுமாயின் நோய் திரும்பியிருப்பது புலனாகும். எங்குத் திரும்பியுள்ளது என்பது புலனாகாது. சுரப்பி இருந்த இடத்திலேயே நோய் அடங்கியிருப்பின் கதிர்வீச்சால் குணப்படுத்த வாய்ப்புண்டு. தொலைவிலுள்ள நிணநீர்க் கணுக்களிலோ எலும்பிலோ பரவியிருப்பின் அவ்விடத்துக் கதிர்வீச்சு மட்டும் போதாது. எனவே நோயின் இருப்பிடத்தை அறிவது இன்றியமையாததாகின்றது.

எதிர்ப்பொருளின் செயல்பாடு

சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் கணுவின் அளவைக் கொண்டே நோயை மதிப்பிடுகின்றது. வீங்காத கணுவினுள் இருக்கும் புற்றுச்செல்கள் அதற்குத் தப்பிவிடுகின்றன. செல்லின் வேதி அடையாளத்தைத் தேடுவதே இதற்கான மாற்றுவழியாகும். 1975ஆம் ஆண்டு கோலரும் மில்ஸ்டீனும் வெளியிட்ட மோனோகுளோனல் எதிர்ப்பொருள் ஆக்கமுறை இதற்குத் துணைநின்றது. குறிப்பிட்ட இலக்கைப் பற்றும் எதிர்ப்பொருளுடன் கதிரியக்க ஐசோடோப்பைப் பிணைத்து இரத்தத்தில் செலுத்தினால், அது இலக்குள்ள இடத்தில் மிகுதியாகச் சேரும். அங்கிருந்து வெளிப்படும் காமா கதிர்களைக் கேமரா பதிவு செய்யும்.

புராஸ்டாசிண்ட்: பயனும் வரம்பும்

பி.எஸ்.எம்.ஏ. என்னும் செல்சவ்வுப் புரதத்தைப் பற்றும் புராஸ்டாசிண்ட் 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எதிர்ப்பொருள் பெரிய மூலக்கூறாதலின் இரத்தத்திலிருந்து மெல்லவே நீங்கும். ஆகவே 2.8 நாள் அரை ஆயுட்காலம் உடைய இண்டியம்-111 அதனுடன் பிணைக்கப்பட்டது; செலுத்திச் சில நாள்கள் கழித்தே படம் எடுக்கப்பட்டது. ஆயினும் இரத்தத்தில் எஞ்சிய கதிரியக்கம் படத்தின் தெளிவைக் குறைத்தது. மேலும், இவ்வெதிர்ப்பொருள் பற்றும் பகுதி சவ்வின் உட்புறத்தில் அமைந்தது. சவ்வு சிதையாத உயிருள்ள செல்களில் அப்பகுதியை எதிர்ப்பொருள் எளிதில் எட்ட இயலவில்லை. தேர்ந்த புரதம் பொருத்தமானது. பற்றிய முனையே பொருந்தவில்லை.

பின்னர் வந்த மாற்றம்

புரதத்தின் வெளிப்புறப் பகுதியைப் பற்றும் சிறு மூலக்கூறுகள் பின்னர் உருவாக்கப்பட்டன. காலியம்-68 பிணைத்த அத்தகைய மருந்துக்கு 2020ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இது விரைந்து பரவி விரைந்து நீங்குவதால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பெட் ஸ்கேன் எடுக்க முடிகின்றது.

முடிவுரை

இலக்குப் புரதத்தைத் தேர்வதோடு, உயிருள்ள செல்லில் அது எட்டக்கூடிய இடத்தில் உள்ளதா என ஆராய்வதும் தேவை என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. ஸ்கேனில் ஒளிப்புள்ளி தோன்றாமை நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. செல்கள் மிகக் குறைவாக இருத்தலும், இலக்குப் புரதம் அவற்றில் இல்லாமையும் அதற்குக் காரணமாகலாம். ஆதலின் ஸ்கேன் முடிவை பி.எஸ்.ஏ. அளவின் போக்கோடு இணைத்தே சிகிச்சையை முடிவு செய்தல் வேண்டும்.