மௌனம் சம்மதமா?

‘மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி’ என்பார்கள் நம்மவர்கள். பெண் பார்க்கும் வீட்டில் அது பொருந்துமோ பொருந்தாதோ, நான் அறியேன். ஆனால், ஒரு கருவியின் மௌனத்தைச் சம்மதமென்று கொள்வது எத்துணைப் பெரிய பிழை என்பதைச் சென்ற துர்க்கா பூசையின்போது இக்கொல்கத்தா நகரில் கண்ணாரக் கண்டேன். கண்டதையும், அதன் காரணத்தைத் தேடிப் பின்னர் அறிந்ததையும் சங்க அன்பர்களுக்குச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சப்தமி நாள் மாலை. லேக் மார்க்கெட் பக்கத்தில் குடியிருக்கும் தமிழ் அம்மையார் ஒருவர், விடுதிச் சோற்றில் வாடும் எங்கள்மீது இரக்கங்கொண்டு, மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியரில் புளியோதரையும் தயிர்சாதமும் வடையும் நிறைத்துக் கொடுத்தனுப்பினார். அதைப் பையில் வைத்துக்கொண்டு நானும் நண்பர் இருவரும் நகரின் தென்பகுதியில் உள்ள ஒரு பெரிய அங்காடிக்குள் நுழைந்தோம். அதன் பெயர் இங்கே வேண்டா. வாயிலில் வயது முதிர்ந்த காவலர் ஒருவர், ‘மெட்டல் டிடெக்டர்’ என்று எல்லோரும் சொல்லும் உலோகங்காட்டியைக் கையில் பிடித்து நின்றார். என் பையின்மேல் அதை மூன்று முறை ஓட்டினார். கருவி வாய் திறக்கவில்லை. “போகலாம்” என்று கையசைத்தார்.

தயிர்சாதத்திற்கு வாயில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றடுக்கு எவர்சில்வர் எங்கே போயிற்று?

“காகு, உங்கள் கருவி ஒன்றும் சொல்லவில்லையே?” என்றேன். வங்காளத்தில் நம் சிற்றப்பன் வயதுடையவரை அப்படித்தான் அழைப்பது.

“ஒன்றும் இல்லை, அதனால் சொல்லவில்லை, பாபா” என்றார் அவர்.

நான் பையைத் திறந்து காட்டினேன். அவர் முகம் வெளிறிவிட்டது. மேற்பார்வையாளர் எங்கேனும் நிற்கிறாரா என்று ஒரு முறை சுற்றிலும் பார்த்தார். பிறகு கருவியை உள்ளங்கையில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டி, மறுபடியும் பையின்மேல் பிடித்தார். அது ‘கீச்’சென்று ஒரே ஒரு முறை கத்திவிட்டு அடங்கிற்று. தம்மீது குற்றமில்லை என்பதைக் காட்டுவார்போல், கைப்பிடியில் எரிந்துகொண்டிருந்த சிறு விளக்கைச் சுட்டிக்காட்டி, “விளக்கு எரிகிறதே! பாட்டரி இருக்கிறது என்றுதானே பொருள்?” என்று கேட்டார்.

மிகவும் நியாயமான கேள்வி. அதற்கு விடை காண்பதற்கு முன், அக்கருவி எப்படிப் பேசுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கருவி பேசும் முறை

உலோகங்காட்டியின் உயிர் ஒரு கம்பிச் சுருள். அதில் மாறிமாறி ஓடும் மின்னோட்டத்தைச் செலுத்தினால், சுருளைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உண்டாகிறது. அப்புலத்திற்குள் ஓர் உலோகப் பொருள் வந்தால், அப்பொருளுக்குள் சிறு சிறு சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவை தம் பங்கிற்கு ஓர் எதிர்க் காந்தப்புலத்தைப் பிறப்பிக்கின்றன. இந்த மெல்லிய எதிரொலியைக் கருவி உணர்ந்துகொள்கிறது. சிலவகைக் கருவிகளில் உணர்வதற்கென்று தனிச்சுருள் உண்டு; சிலவற்றில் ஒரே சுருள் இரண்டு வேலையும் செய்யும்.

எதிரொலி ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மணி ஒலிக்க வேண்டும். தாண்டாவிட்டால் ஒலிக்கக் கூடாது. அந்த அளவைக் கருவியின் ‘வாசற்படி’ எனலாம். படியைத் தாண்டியது எது, தாண்டாதது எது என்று தீர்ப்புச் சொல்லும் நீதிபதி, கருவிக்குள் இருக்கும் மின்சுற்று. அவருக்கு உணவு மின்கலம்.

மின்கலம் தளர்ந்தால் என்ன ஆகும்? ‘கருவி எட்டும் தூரம் குறையும்’ என்றுதான் பலரும் விடை சொல்லுவர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. சுருளின் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பத் தேய்கிறது. உலோகத்திலிருந்து திரும்பிவரும் எதிரொலியும் அதே கணக்கில் தேய்கிறது. ஆக, சற்றுத் தொலைவிலுள்ள ஒரு சிறு பொருளின் குறி, தூரத்தின் ஆறாம் மடிக்கு ஏற்பக் குறைகிறது. இதையே திருப்பிச் சொன்னால், சுருளில் ஓடும் மின்னோட்டம் பாதியாகக் குறைந்தாலும், எட்டும் தூரம் நூற்றுக்குப் பதினொரு பங்குதான் குறையும். 20 சென்டிமீட்டரில் கண்டதை ஏறத்தாழ 18 சென்டிமீட்டரில் காணும், அவ்வளவே. எனவே, ஒட்டினாற்போல் பிடித்தும் டிபன் கேரியர் அகப்படாமல் போனதற்குத் தூரம் காரணம் அன்று. நீதிபதியே மயங்கிக் கிடந்திருக்க வேண்டும்.

விளக்கு எரிந்தால் போதுமா?

பூசை விடுமுறை முடிந்ததும், எங்கள் ஆய்வுக்கூடத்தில் கிடந்த பழைய கைக்கருவி ஒன்றைத் தேடி எடுத்தோம். அதன் மின்கலத்தை நீக்கிவிட்டு, விரும்பிய மின்னழுத்தத்தைத் தரவல்ல மின்வழங்கியை இணைத்தோம். 9 வோல்ட்டில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கீழே இறக்கினோம். எதிரே ஒரு சாவிக்கொத்து.

ஏறத்தாழ 7 வோல்ட் வரையில் எந்த மாற்றமும் இல்லை. கருவிக்குள் இருக்கும் சீராக்கி, வெளியே எத்தனை வோல்ட் வந்தாலும் உள்ளே ஒரே அளவாக 5 வோல்ட்டை வழங்கிக்கொண்டிருந்ததே காரணம். அதற்கும் கீழே சென்றதும் சீராக்கியின் கை ஓய்ந்தது. முதலில் கருவி உளறத் தொடங்கிற்று. எதிரே ஒன்றும் இல்லாதபோதும் கத்திற்று. இன்னும் குறைத்ததும் ஊமையாயிற்று. சாவிக்கொத்தைச் சுருளின்மேலேயே வைத்தும் பேசவில்லை. ஆனால் விளக்கு? அது எரிந்துகொண்டே இருந்தது! சிறு சிவப்பு விளக்கு எரிவதற்கு ஏறத்தாழ 2 வோல்ட்டும் சொற்ப மின்னோட்டமும் போதும். நீதிபதி மயங்கி விழுந்த பின்னரும் நீதிமன்ற வாயிலில் விளக்கு எரிவதில் வியப்பென்ன?

காவலரின் கருவி ஒரு முறை மட்டும் ‘கீச்’சிட்டது ஏன்? அதையும் கண்டோம். பழைய மின்கலத்தின் கேடு, மின்னழுத்தம் குறைவதோடு நிற்பதில்லை. அதன் உள்தடையும் கூடிவிடுகிறது. மின்வழங்கிக்கும் கருவிக்கும் இடையே ஒரு தடையைக் கோத்து, முதுமையடைந்த மின்கலத்தைப்போல் நடிக்கச் செய்தோம். சும்மா இருக்கும் கருவி சிறிதளவு மின்சாரமே உண்ணும். உலோகத்தைக் கண்டு மணியடிக்கும் அந்த நொடியில்தான் அதன் பசி பெருகுகிறது. பசி பெருகியதும் உள்தடையால் மின்னழுத்தம் சரிகிறது. சரிந்ததும் கருவி வாயடைத்துப்போகிறது. பேச வேண்டிய நேரம் பார்த்துப் பலம் போகிறது என்பதே இதன் கொடுமை. காவலர் தட்டிய தட்டில் மின்கலத்தின் முனைகள் சற்று நன்றாகத் தொட்டுக்கொண்டன. ஒரு ‘கீச்’சுக்கு அது போதுமாயிற்று.

வோல்ட்மீட்டரை வைத்து மின்கலத்தை அளந்தால் உண்மை தெரியாதா என்று கேட்கலாம். வேலையின்றிக் கிடக்கும் மின்கலத்தை அளப்பதால் பெரும்பயன் இல்லை. இரவெல்லாம் ஓய்வெடுத்த மின்கலம் காலையில் ஓரளவு தெளிந்து நிற்கும். அளவுகோலும் நல்ல எண்ணையே காட்டும். ஒரு மணிநேரம் வேலை வாங்கினால் சுயரூபம் வெளிப்படும். சுமை தூக்கச் சொல்லித்தான் கூலியாளின் பலத்தை அறிய முடியும்.

மின்கலத்தின் சாதியும் கவனிக்கத்தக்கது. சாந்தினி சந்தையில் கேட்டால் 9 வோல்ட் மின்கலத்தில் மூன்று வகை எடுத்துப்போடுவார்கள். மலிவான துத்தநாகக் கரிமின்கலம் மலைச்சரிவைப்போல் மெல்ல மெல்ல இறங்கும். அல்கலைன் மின்கலம் அதைவிட நெடுநாள் உழைக்கும். திரும்பத் திரும்ப மின்னேற்றும் நிக்கல் மின்கலமோ, தொடக்கத்திலேயே 8.4 வோல்ட் அளவில் நிற்கும். நெடுநேரம் மேசைப்பரப்புப்போல் சமமாக ஓடிவிட்டு, முடிவில் திடீரெனக் கவிழும். முதல் வகைக்கென்று அமைத்த ‘பாட்டரி குறைகிறது’ என்னும் எச்சரிக்கை விளக்கு, மூன்றாம் வகையில் காலங்கடந்தே எரியக்கூடும்.

இவற்றோடு இந்நகரின் வானிலையும் சேர்ந்துகொள்கிறது. வெப்பம் கூடக்கூட மின்கலம் சும்மா இருக்கும்போதே தன் சத்தை இழக்கும். ஆனி முதல் புரட்டாசி வரை வீசும் ஈரக்காற்றில் முனைகளில் களிம்பு ஏறும். களிம்பேறிய முனையில் புதிய மின்கலத்தைப் பொருத்தினாலும் அது கிழவனாகவே நடந்துகொள்ளும். 1939இலேயே எவரெடி தொழிற்சாலை எழுந்த நகரம் இது. மின்கலம் செய்யக் கற்றுக்கொண்ட அளவுக்கு, அதைப் பேணக் கற்றுக்கொண்டோமா என்பது ஐயமே.

பெல்லும் எஃகுச் சுருளும்

அறிஞர்களும் இக்கருவியிடம் ஏமாந்திருக்கிறார்கள். 1881 ஜூலை 2ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு வாஷிங்டன் இரயில் நிலையத்தில் சுடப்பட்டார். ஒரு குண்டு உடலுக்குள் தங்கிவிட்டது. அன்று எக்ஸ் கதிர் இல்லை. தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல், குண்டைத் தேட மின்கலத்தால் இயங்கும் உலோகங்காட்டி ஒன்றை அமைத்தார். பழைய போரில் குண்டடிபட்டு, உடலில் ஈயத்தைச் சுமந்துகொண்டிருந்த முதியவர்களிடம் அதைச் சோதித்தபோது அது வேலை செய்தது. ஆனால் தலைவரின் கட்டிலருகே ஜூலை 26லும் ஆகஸ்டு 1லும் தேடியபோது பயனில்லை. முதல் முறை மின்தேக்கியின் இணைப்பில் பிழை. இரண்டாம் முறை, படுக்கைக்குள் இருந்த எஃகுச் சுருள்கள் குறுக்கிட்டன. போதாக்குறைக்கு, குண்டு வலப்பக்கம் இருப்பதாக மருத்துவர் உறுதியாக நம்பி அங்கேயே தேடச்செய்தார். குண்டோ இடப்பக்கம் இருந்தது. செப்டம்பர் 19இல் கார்பீல்டு உயிர் நீத்தார்.

ஆய்வுக்கூடத்தில் வென்ற கருவி, வேலை செய்ய வேண்டிய இடத்திலும் வெல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த இடத்தில், அந்த நேரத்தில் அதைச் சோதிக்க வேண்டும். இந்தப் பாடத்தை உயிரைப் பணயம் வைத்து நாள்தோறும் ஓதுகின்றவர்கள் நம் மொழி பேசுகின்றவர்களே என்பதை எத்தனை பேர் அறிவோம்?

முகமாலையில்

இலங்கையின் வடக்கே, ஆனையிறவிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வழியில் முகமாலை என்னும் ஊர் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் போர்முனையாக இருந்த மண் அது. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னும், புதைத்த கண்ணிவெடிகள் அங்கேயே கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அழிக்கும் பணியில் தமிழ்ப் பெண்கள் பலர் ஈடுபட்டு வந்திருக்கிறார்கள். போரில் கணவனை இழந்து, குடும்பத்தைத் தாங்கும் தாய்மாரும் அவர்களுள் உண்டு. கவசம் அணிந்து, வெயிலில் மண்டியிட்டு, உலோகங்காட்டியின் குரல் ஒன்றையே நம்பி அவர்கள் அங்குலம் அங்குலமாக முன்னேறுகிறார்கள். ஞெகிழியால் செய்த வெடிகளில் உலோகம் மிகச் சொற்பம். அங்கே கருவி ஊமையாக இருப்பதன் விலை ஒரு கால். அல்லது ஓர் உயிர்.

அவர்கள் விளக்கைப் பார்த்துத் திருப்தி அடைவதில்லை. கண்ணிவெடி அகற்றும் பணியில் உலகெங்கும் உள்ள வழக்கப்படி, வேலை தொடங்குமுன் ஒரு குறிப்பிட்ட சோதனைத் துண்டின்மேல் கருவியை ஓட்டி, அது ஒலிக்கிறதா என்று பார்க்கிறார்கள். இடைவேளைக்குப் பின்பும், மின்கலம் மாற்றிய பின்பும் மீண்டும் பார்க்கிறார்கள். ஒலிக்காத கருவி களத்தில் இறங்காது. ‘உலோகம் இருந்தால் இது சொல்லும்’ என்று உறுதி செய்துகொண்ட பிறகே, ‘சொல்லவில்லை, ஆகவே இல்லை’ என்ற முடிவுக்கு வருகிறார்கள். முந்தியதை விட்டுவிட்டுப் பிந்தியதை மட்டும் பிடித்துக்கொள்வது, விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுவதை ஒக்கும்.

ஒரு சாவியும் ஒரு நோட்டும்

இத்தனையும் தெரிந்த பின்பு, புதிய மின்கலம் ஒன்றை வாங்கிக்கொண்டு அக்காவலரைக் காணச் சென்றேன். அவர் அதை வாங்க மறுத்தார். “இன்றைக்கு நீ கொடுப்பாய், பாபா; அடுத்த மாதம் யார் கொடுப்பார்? மாதம் ஒன்றுதான் தருகிறார்கள். கேட்டால், விளக்கு எரிகிறதே என்கிறார்கள்” என்றார். மின்கலத்தைச் சேமிக்கக் கூட்டமில்லாத நேரத்தில் கருவியை அணைத்துவைப்பதாகவும், அது உளறத் தொடங்கினால் உணர்வுத் திருகைக் குறைத்துவிடுவதாகவும் சொன்னார். உளறலை அடக்குவதாக எண்ணி, கருவியின் காதையே அவர் அடைத்திருக்கிறார்! அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நாளை அவ்வாயில் வழியே ஏதேனும் ஒன்று நுழைந்துவிட்டால், விசாரணையில் நிற்கப்போவது மின்கலம் அன்று, அந்த முதியவர்தான்.

ஆகவே மின்கலத்தோடு வேறு இரண்டு பொருள்களையும் கொடுத்தேன்: ஒரு பழைய சாவி, ஒரு சிறிய நோட்டு. சாவியை நாற்காலியில் கட்டித் தொங்கவிடச் சொன்னேன். வேலை தொடங்கும்போதும், பிறகு மணிக்கு ஒரு முறையும் கருவியைச் சாவியின்மேல் ஓட்ட வேண்டும். ஒலித்தால் நோட்டில் ஒரு கோடு. ஒலிக்காவிட்டால் நேரத்தைக் குறித்துவிட்டு மின்கலம் கேட்க வேண்டும். உணர்வுத் திருகைத் தொட்டாலும், மின்கலத்தை மாற்றினாலும் மறுபடி சாவி.

காளி பூசைக்குப் பின் மீண்டும் போனேன். சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பெருமிதத்தோடு நோட்டை விரித்துக் காட்டினார். வரிசையாகக் கோடுகள், அவற்றின் நடுவே ஓரிடத்தில் மட்டும் வங்க எழுத்தில், ‘மாலை 5-40. சாவி ஒலிக்கவில்லை.’ அதைக் கண்ட மேற்பார்வையாளர், மறுநாளே புதிய மின்கலம் கொடுத்தாராம். வாய்ச்சொல்லுக்குக் கிடைக்காதது எழுத்துக்குக் கிடைத்தது.

நண்பர்களே, மெட்ரோ நிலையத்திலும் புத்தகக் கண்காட்சியிலும் பூசைப் பந்தலிலும் நாம் அன்றாடம் இக்கருவியைக் கடந்து செல்கிறோம். நாளை நம்மில் சிலர் இத்தகைய கருவிகளைச் செய்வோம்; சிலர் வாங்குவோம்; சிலர் காவலர்களுக்கு மேலதிகாரிகளாக அமர்வோம். அப்போது, மௌனமாயிருக்கும் கருவியைப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லுமுன், அதன்முன் ஒரு சாவியை நீட்டுவோம். அதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம்.

டிபன் கேரியரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இம்முறை அதைக் காலியாகத்தான் எடுத்துச் சென்றேன். வாயிலில் கருவி ஊரைக் கூட்டிற்று. காகு பையைத் திறந்து, மூன்று அடுக்கையும் தனித்தனியே சோதித்த பின்னரே என்னை உள்ளே விட்டார்.