உங்களுக்குத் தெரியுமா? கோவைக்கு வந்த ஐ-லீக் கோப்பை

பெயரில்தான் சென்னை. 2018-19 ஐ-லீக் கால்பந்துப் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி எஃப்.சி.யின் சொந்த மைதானமாக இருந்தது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று ஐ-லீக் சாம்பியன் ஆனது அதுவே முதல் முறை.

அதற்கு முந்தைய சீசனில் பத்து அணிகள். அதில் சென்னை சிட்டிக்குக் கிடைத்தது 8-ஆவது இடம். ஒரே வருடத்தில் அங்கிருந்து முதலிடம்!

பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். பந்தைத் தூக்கி அடிக்காமல் காலுக்குக் கால் கொடுத்து ஆடும் ஆட்டத்தைப் பழக்கினார். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது அந்த அணியின் ஆட்டம்.

உருகுவேயில் பிறந்து ஸ்பெயினிலிருந்து வந்த பெத்ரோ மான்சி, அந்த சீசனில் மட்டும் அடித்தது 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21. ஆனால் கோல் அடித்தவர் பெயரோடு நம் பையன்கள் பெயரும் நினைவில் நிற்க வேண்டும்: எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், மைக்கேல் ரெஜின். ரெஜின் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். கடலோரத்து மணலில் கால்பந்து வளர்ந்த பகுதி அது. அவருடைய சகோதரர் சூசைராஜும் முந்தைய சீசனில் இதே அணிக்கு ஆடியவர்தான்.

2019 மார்ச் 9, கடைசி நாள். சென்னை சிட்டி 40 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 39. கோவையில் எதிரணி, நடப்புச் சாம்பியன் மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஈஸ்ட் பெங்கால். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளைவரை அதே 0-1. அங்கே ஈஸ்ட் பெங்கால் வென்று, இங்கே டிரா ஆனாலும் கோப்பை கொல்கத்தாவுக்குத்தான். இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கோல் அடித்தது ஸ்ட்ரைக்கர் அல்ல, தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா. ஒன்றல்ல, இரண்டு. முடிவு 3-1. ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஆனால் 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளி!

தோற்ற பக்கத்தின் வலியும் சொல்லத்தக்கது. ஐ-லீக்குக்கு முன்பிருந்த தேசிய லீக்கை மூன்று முறை வென்ற ஈஸ்ட் பெங்கால், கடைசியாக அந்தக் கோப்பையைத் தொட்டது 2003-04-இல்.

சென்னை சிட்டியும் மினர்வாவும் ஒரே சீசனில், 2016-17-இல், ஐ-லீக்கில் நுழைந்த அணிகள். மூன்றே ஆண்டுகளில் இரண்டுமே சாம்பியன்.

ஸ்ரீநகரின் ரியல் காஷ்மீர் அணி முதன்முதலாக ஐ-லீக் ஆடியதும் 2018-19 சீசனில்தான். வந்த வேகத்தில் 3-ஆவது இடம். பிப்ரவரியில் நடந்த புல்வாமா தாக்குதலுக்குப் பின், ஸ்ரீநகரில் நடக்கவேண்டிய ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் டெல்லிக்கு மாறியது.

அப்போது இந்தியன் சூப்பர் லீக்கும் (ஐ.எஸ்.எல்.) ஐ-லீக்கும் ஒருசேர நடந்துகொண்டிருந்தன. 2019-20 முதல் நாட்டின் முதல்நிலை லீக் என்ற இடம் ஐ.எஸ்.எல்.லுக்குப் போனது.

பட்டம் வென்றதால் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்குச் சென்னை சிட்டி போனது. 2020 ஜனவரியில் பஹ்ரைனின் அல் ரிஃபாவிடம் 0-1 தோல்வி. ஆட்டம் நடந்தது அகமதாபாத்தில். கோவை ரசிகர்களுக்கு அதை நம் மைதானத்தில் உட்கார்ந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.