கார் பார்த்துக்கொள்ளும் என்று கண்ணை எடுக்கலாமா?

அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல் என்பது, முன்னே செல்லும் வண்டியின் தூரத்தை ரேடாரால் அளந்து காரின் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி. இது ஓட்டுபவரின் கவனத்தைக் குறைக்கிறதா? அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். நிறுவனமும் எம்.ஐ.டி.யும் 20 பேருக்கு ஒரு மாதம் கார் கொடுத்துப் பார்த்தன. 2020-ல் முடிவு வந்தது. இந்த வசதி மட்டும் கொண்ட ரேஞ்ச் ரோவர் இவோக் ஓட்டியவர்கள், அதை ஆன் செய்திருந்தபோது செல்போனை அதிகம் பார்த்தார்கள். பழகப் பழக இன்னும் அதிகம்! ஸ்பெல் செக் இருக்கிறதே என்று நாம் கடிதத்தைப் படிக்காமல் அனுப்புவதில்லையா, அப்படித்தான்.

இதில் ஒரு சிக்கல். பாலம், சாலையோர போர்டு ஆகியவற்றுக்கெல்லாம் கார் பிரேக் போடக்கூடாது என்பதால், அசையாத பொருட்களைப் பல ரேடார்கள் ஒதுக்கிவிடும். வழியில் பழுதாகி நிற்கும் லாரியும் அதில் சேர்ந்துவிடலாம். அப்போது பிரேக்கை மிதிக்க வேண்டியது நீங்கள்தான்.