பழைய பிஸ்டன் பின்னை மறுபடி போடலாமா?

இன்ஜின் பிரிக்கிறதைப் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் உங்ககிட்ட இருந்து அதிகமா வந்த கேள்வி இதுதான். "பிஸ்டன் நல்லா இருக்கு, ரிங் மட்டும் மாத்தினா போதும்னு மெக்கானிக் சொல்றார். அந்தப் பின்னையே திரும்பப் போட்டுக்கலாமா?"

போடலாம். ஆனா ரிங் மட்டும்தான் மாத்தப் போறீங்கன்னா, அந்தப் பின்னை எதுக்குக் கழட்டணும்? ரிங்கைக் கழட்டவும் மாட்டவும் பின் கழண்டு வரவேண்டிய அவசியமே இல்லை. பிஸ்டனும் கனெக்டிங் ராடும் சேர்ந்தபடியே வெளியே வரும், சேர்ந்தபடியே உள்ளே போகும். நல்ல பின் வண்டி ஓடிக் கெட்டதைவிட, கழட்டி மாட்டும்போது கெட்டதுதான் அதிகம்னு நான் நினைக்கிறேன்.

பட்டறையில இதை 'கஜன் பின்'னு சொல்வாங்க. பிஸ்டனையும் ராடையும் கோக்கிற எஃகுக் குழாய். சின்ன கார்ல ஏறக்குறைய உங்க சுண்டுவிரல் அளவுதான். ஆனா அது தாங்குற பாரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்க. 70 மி.மீ. போர் உள்ள பிஸ்டனோட தலைப் பரப்பு 38 சதுர செ.மீ. சொச்சம். முழு ஆக்ஸிலரேட்டர்ல பெட்ரோல் எரியும்போது சதுர செ.மீ.க்கு 60 கிலோன்னு வெச்சாலும், 2 டன்னுக்கு மேல வருது. அவ்வளவும் அந்தப் பின் வழியாத்தான் ராடுக்குப் போகணும். அதனாலதான் பின்னோட மேல்தோலை மட்டும் கண்ணாடி மாதிரி கெட்டியாக்கி, உள்பக்கத்தைக் கொஞ்சம் மென்மையா விட்டிருப்பாங்க. தேயவும் கூடாது, உடையவும் கூடாது.

இதை மாட்டுறதுல ரெண்டு வகை அதிகம். ஒண்ணு ஃப்ளோட்டிங். பின் பிஸ்டன்லயும் சுத்தும், ராடுல இருக்கிற புஷ்லயும் சுத்தும். பக்கவாட்டுல வெளியே வராம இருக்க ரெண்டு முனையிலும் லாக் இருக்கும். இன்னொண்ணு பிரஸ் ஃபிட். ராடோட ஓட்டை பின்னைவிடக் கொஞ்சம் சின்னது, மி.மீ.ல நூறுல ரெண்டு மூணு பங்கு. அந்த இறுக்கம் மட்டும்தான் பின்னைப் பிடிச்சிருக்கு, லாக் கிடையாது. பழைய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மாதிரி வண்டிகள்ல ராடையே போல்ட் போட்டு இறுக்குற மூணாவது வகையும் இருந்தது. அது இப்ப விண்டேஜ் ஆட்களோட கவலை.

ஃப்ளோட்டிங் வகை சுலபம். லாக்கை எடுத்துட்டு, பிஸ்டனைக் கொஞ்சம் சூடு பண்ணினா பின் கையாலேயே நகரும். அலுமினியம் எஃகைவிட வேகமா விரியும், அதான் காரணம். சுத்தியலால ஓங்கி அடிச்சுத்தான் வரும்னா, லாக் காடியில கார்பனோ பிசிறோ இருக்கு. அதை முதல்ல சுத்தம் பண்ணச் சொல்லுங்க.

தலைவலி பிரஸ் ஃபிட்லதான். வெளியே தள்ள ஹைட்ராலிக் பிரஸ் வேணும், பிஸ்டனுக்குக் கீழே சரியான வடிவத்துல தாங்கு கட்டை வேணும். அது இல்லாம அழுத்தினா பிஸ்டன் கோணும், பின் உட்காருற ஓட்டையில கீறல் விழும். வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது. சில கம்பெனி மேனுவல்ல, பிரஸ் பண்ணி எடுத்த பின்னையும் பிஸ்டனையும் திரும்பப் போடாதேன்னே இருக்கும். உங்க இன்ஜின் மேனுவல் என்ன சொல்லுதோ அதுதான் கடைசி வார்த்தை.

கழட்டாமலே பின் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கலாமா? தெரிஞ்சுக்கலாம். எண்ணெயைத் துடைச்சிட்டு ராடை வைஸ்ல மெதுவாப் பிடிச்சு, பிஸ்டனை மேலயும் கீழயும் இழுத்துப் பாருங்க. பின்னோட நீளவாக்குல நகர்ந்தா பயப்படாதீங்க, அதுக்கு இடம் விட்டுத்தான் செஞ்சிருக்காங்க. மேல்கீழா ஒரு சின்ன 'டிக்' கையில பட்டாலும் கழட்டி அளக்கணும். வண்டி ஓடின காலத்துல ஐடிலிங்ல 'டக்டக்'னு இரட்டைத் தட்டு கேட்டிருந்தாலும் இங்கதான் முதல்ல சந்தேகப்படணும்.

கழட்டினதும் எந்தப் பின் எந்த பிஸ்டனோடதுன்னு நம்பர் போட்டு வைங்க. நாலையும் ஒரே தட்டுல கொட்டிக் கழுவுற பட்டறையைப் பார்த்தா எனக்கு வயிறு கலங்கும். காரணம், ஒரு பின்னுக்கும் அதோட பிஸ்டனுக்கும் நடுவுல உள்ள இடைவெளி பல இன்ஜின்ல 0.01 மி.மீ. பக்கம்தான், தலைமுடியோட தடிமன்ல ஏழுல ஒரு பங்குகூட இருக்காது. மைக்ரோமீட்டரால ரெண்டு முனையிலும் நடுவுலயும் அளக்கணும். அப்புறம் நகத்தை ஓட்டிப் பாருங்க. படி மாதிரி தட்டினா, புள்ளிப் புள்ளியா அரிச்சிருந்தா, நீல நிறம் ஏறியிருந்தா அந்தப் பின் வேண்டாம். நீலம்னா எண்ணெய் இல்லாமக் காய்ஞ்சிருக்குன்னு அர்த்தம்.

புது பிஸ்டன் வாங்கினா பெரும்பாலும் அதுக்குப் பொருத்தின பின்னும் கூடவே வரும், அதையே போடுங்க. பழைய பின்னைப் புது பிஸ்டன்ல திணிச்சு மிச்சம் பிடிக்க வேண்டாம். புதுப்பேட்டையில பின் மட்டும் தனியாப் பொறுக்கிட்டு வர்றதும் அதே ரகம்தான். ஃப்ளோட்டிங்னா புதுப் பின் பழைய புஷ்ல எப்படி உட்காருதுன்னும் பார்க்கணும். எண்ணெய் தடவி, கட்டைவிரலால தள்ளினா வழுக்கிட்டுப் போகணும், தானா விழக்கூடாது. லூஸா இருந்தா புஷ்ஷை மாத்தி, எண்ணெய்த் துளையை நேரா வெச்சு, பின் அளவுக்கு லேத்ல ஹோன் பண்ணணும்.

மாட்டும்போது லாக் எப்பவும் புதுசுதான். ஒரு தடவை சுருக்கி எடுத்த லாக்கோட ஸ்பிரிங் வேகத்தை நம்ப முடியாது. 6000 ஆர்.பி.எம்.ல பிஸ்டன் ஒரு நொடிக்கு 200 தடவை நின்னு திரும்புது. லாக்கோட வாய் மேலயோ கீழயோ பார்த்து இருக்கட்டும், பக்கவாட்டுல வேண்டாம்.

பிரஸ் ஃபிட்டா இருந்தா ராடோட சின்ன முனையை ஹீட்டர்ல ஒரே சீராச் சூடாக்கி, அளவுக்கட்டை வெச்சு, ஒரே மூச்சுல பின்னை நடுவுல நிறுத்தணும். சில நொடிதான் கிடைக்கும். பாதியில சிக்கினா அடிக்கக் கூடாது, பிரஸ்லதான் எடுக்கணும். குளிர்ந்த ராடுல பின் கையாலேயே நுழையுதுன்னா அந்த ராடு போச்சு. அப்படியே மாட்டினா, பின் மெல்ல நகர்ந்து வெளியே வந்து சிலிண்டர் சுவரைக் கிழிக்கும். ரிங் மாத்த வந்த செலவு பிளாக்குக்கு ஸ்லீவ் போடுற செலவா மாறிடும்.

இன்னொரு விஷயம், திசை. பல இன்ஜின்ல பின் ஓட்டை பிஸ்டனோட நடுவுல சரியா இருக்காது, ஒரு பக்கமா ஒரு மி.மீ. பக்கம் தள்ளியிருக்கும். பிஸ்டன் சுவர்ல தட்டுற சத்தத்தைக் குறைக்கத்தான் அப்படி. பிஸ்டன் தலையில இருக்கிற அம்புக்குறி மேனுவல் சொல்ற பக்கம் பார்க்கணும், பொதுவா டைமிங் பக்கம். ராடோட குறியும் அதுக்கு ஒத்துப் போகுதான்னு பாருங்க. பின்னை உள்ளே தள்ளுறதுக்கு முன்னாடியே பாருங்க, பிரஸ் ஃபிட்ல ரெண்டாவது வாய்ப்பு கிடைக்காது.